அப்பாவின் செல் சவ்வு ‘இறுகிப்போச்சா’?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு 12 வருடமாகச் சர்க்கரை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ‘ஆரோக்கியக் கூட்டத்துக்கு’ யாரோ அவரை அழைத்துப் போயிருக்கிறார்கள். அங்கே கோட்டு போட்ட ஒருவர் திரையில் படம் காட்டி, “உங்க உடம்புல செல் சவ்வெல்லாம் இறுகிப்போச்சு, அதனாலதான் இன்சுலின் உள்ளே போக முடியல. இந்தக் காப்ஸ்யூலை ஆறு மாசம் சாப்பிடுங்க, சவ்வு நெகிழும், சுகர் தானா இறங்கும்” என்றாராம். தேங்காய் எண்ணெயைத் தொடவே கூடாது, அது ரத்தக்குழாயில் உறைந்துவிடும் என்றும் சொன்னாராம். அப்பா பாதி நம்பிவிட்டார். சவ்வு நெகிழ்வு என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா, அதற்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டா, காப்ஸ்யூலை வாங்கலாமா என்பது தம்பியின் கேள்வி.

இருக்கிறது. சம்பந்தமும் உண்டு. காப்ஸ்யூல் வேண்டாம். இந்த மூன்றும் எப்படி ஒன்றாக உண்மையாக இருக்க முடியும் என்று சொல்லத்தான் பதில் நீள்கிறது. நான் மதுரையில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், மருத்துவன் இல்லை. மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அப்பாவைப் பார்க்கும் டாக்டரின் வேலை. அந்தக் கோட்டுக்காரர் சொன்னதில் எது பாடம், எது வியாபாரம் என்று பிரித்துக் காட்டுவது மட்டும் என் வேலை.

மார்கழிக் காலையில் குளியலறை மாடத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைப் பாருங்கள். மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து நிற்கும். வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால்தான் இறங்கும். அதே மாடத்தில் இருக்கும் நல்லெண்ணெய் ஒன்றும் ஆகாமல் ஓடும். மதுரையில் அந்த நாட்களில் விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டி வரும். தேங்காய் எண்ணெய் உருகும் நிலை ஏறக்குறைய 24 டிகிரி. அதனால்தான் சித்திரையில் தண்ணீராக இருப்பது மார்கழியில் கட்டியாகிறது. இந்த இரண்டு பாட்டில்களுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் செல் சவ்வின் கதையும்.

கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீளமான வால். வாலில் இரட்டைப் பிணைப்பு இல்லையென்றால் அது நேராக நீட்டி நிற்கும். அதை நிறைவுற்ற கொழுப்பு என்கிறோம். ஒரு இரட்டைப் பிணைப்பு வந்தால் அந்த இடத்தில் வால் முழங்கை மாதிரி மடங்கும். சவுக்குக் கம்பை லாரியில் அடுக்குவதையும், கண்மாய்க்குள் வெட்டிய சீமைக்கருவேல விறகை அடுக்குவதையும் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சவுக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இடைவெளி இல்லாமல் கிடக்கும். கருவேலம் எத்தனை மிதித்தாலும் இடையில் காற்று போகும். 18 கரி அணுக்கள் கொண்ட ஸ்டீயரிக் அமிலம் நேர் வால். அது உருக 69 டிகிரி வேண்டும். அதே 18 அணுக்கள், நடுவில் ஒரே ஒரு மடக்கு வந்தால் ஒலியிக் அமிலம். அது 13 டிகிரியிலேயே உருகிவிடும். ஒரு மடக்குக்கு 56 டிகிரி வித்தியாசம்! தேங்காய் எண்ணெயில் 100க்கு 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் ஏறக்குறைய 15 பங்குதான்.

இனி சவ்வுக்கு வருவோம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றின் கனத்துக்கு இப்படிப்பட்ட சவ்வை 20,000 அடுக்கு அடுக்கலாம். பாஸ்போலிப்பிட் என்ற மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை விரும்பும் ஒரு தலை, தண்ணீருக்குப் பயப்படும் இரண்டு வால்கள். வால்கள் உள்பக்கமாக ஒளிந்துகொள்ள, தலைகள் வெளியே பார்க்க, இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கின்றன.

இரண்டு வரிசை என்று எப்படித் தெரிந்தது என்பது ஒரு நல்ல கதை. 1925-ல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு டச்சுக்காரர்கள் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் மேல் ஒற்றை வரிசையாகப் பரப்பினார்கள். அது அடைத்த பரப்பு, சிவப்பணுக்களின் மேல்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வில் கொழுப்பு இரட்டை வரிசையாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். பிற்பாடு பார்த்தால், கொழுப்பை அவர்கள் முழுசாகப் பிரித்தெடுக்கவும் இல்லை, சிவப்பணுவின் பரப்பைச் சரியாக அளக்கவும் இல்லை. இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டி விடை மட்டும் சரியாக வந்துவிட்டது. பரீட்சையில் எங்கள் பிள்ளைகள் சிலருக்கு இப்படி நடந்ததுண்டு.

இந்தச் சவ்வு சுவர் இல்லை. ஓடுகிற பொருள். ஒரு பாஸ்போலிப்பிட் தன் பக்கத்தில் நிற்பதோடு ஒரு விநாடியில் கோடி தடவை அளவுக்கு இடம் மாற்றிக்கொள்கிறது. ஒரு பாக்டீரியாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்து போக அதற்கு ஒரு விநாடி போதும். ஆனால் உள்வரிசையில் இருப்பது குட்டிக்கரணம் போட்டு வெளிவரிசைக்கு வருவது மட்டும் அபூர்வம். தானாக நடக்க மணிக்கணக்கு, நாள்கணக்குகூட ஆகும். அதற்கென்று தனிப் புரதங்கள் வேலை பார்க்கின்றன. 1970-ல் ஃபிரை, எடிடின் இருவரும் எலி செல்லையும் மனித செல்லையும் ஒட்டவைத்து ஒரே செல்லாக்கி, இரண்டின் புரதங்களுக்கும் வேறு வேறு ஒளிரும் சாயம் பூசினார்கள். ஆரம்பத்தில் பாதி பச்சை, பாதி சிவப்பு. 37 டிகிரியில் 40 நிமிடத்தில் எல்லாம் கலந்துவிட்டது. குளிரவைத்துச் செய்தபோது கலக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து சிங்கரும் நிக்கல்சனும் ‘ஃப்ளூயிட் மொசைக்’ என்ற மாதிரியை எழுதினார்கள். பிளஸ் ஒன் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்.

வீட்டிலேயே பார்க்கிற மாதிரி ஒன்று சொல்கிறேன். ஒரு பீட்ரூட்டைத் தோல் சீவி, சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு போடுங்கள். வெட்டிய இடத்தில் உடைந்த செல்களின் சாயம் ஒட்டியிருக்கும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். இதை மறந்தால் சோதனை போச்சு. ஒரு வருடம் ஒரு குழு அலசாமலே செய்துவிட்டு, எல்லா டம்ளரும் சிவந்ததைப் பார்த்து ‘சவ்வு எல்லா வெப்பநிலையிலும் உடையும்’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டது. நானும் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சரி, அலசிய துண்டுகளை நாலு டம்ளரில் போடுங்கள். ஒன்றில் பானைத் தண்ணீர். ஒன்றில் சித்திரை மாத மத்தியானம் மாடித் தொட்டியிலிருந்து வருகிற, கை சுடாத ஆனால் குளிக்க முடியாத தண்ணீர். ஒன்றில் அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறிய, 70 டிகிரி இருக்கக்கூடிய தண்ணீர். கடைசியில் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்த தண்ணீர். கால் மணி நேரம் விடுங்கள். முதல் இரண்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மூன்றாவது, துண்டிலிருந்து புகை கிளம்புவது மாதிரி சாயம் இழை இழையாக இறங்கி டம்ளர் முழுக்கச் சிவந்துவிடும். ஸ்பிரிட் டம்ளரும் சிவக்கும், எவ்வளவு ஊற்றினீர்களோ அவ்வளவு.

சூட்டில் சவ்வு அளவுக்கு மீறி இளகுகிறது, அதில் இருக்கும் புரதங்களும் குலைகின்றன, உள்ளே பூட்டி வைத்திருந்த சாயம் வெளியே வந்துவிடுகிறது. ஸ்பிரிட், கொழுப்பு வால்களுக்கு நடுவே புகுந்து கலைத்துவிடுகிறது. எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் வாழைப்பழம். ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் தோல் கறுத்துவிடுகிறதல்லவா? வாழை வெப்ப நாட்டுப் பயிர். 13 டிகிரிக்குக் கீழே அதன் சவ்வுகள் தாங்காது. அவை இறுகி, சீர்குலைந்து, கசிய ஆரம்பிக்கும். தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் பீனால்களும் ஒன்றுசேர்ந்து கறுப்பு நிறம் உண்டாகிறது. சிறுமலைப் பழம் வாங்கி வந்து ஃபிரிட்ஜில் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, ஆனால் அது வேறு விஷயம்.

இங்கேதான் கோட்டுக்காரரின் முதல் தப்பு. நெகிழ்வு என்றால் நல்லது, இறுக்கம் என்றால் கெட்டது என்று அவர் சொல்கிறார். பீட்ரூட்டைக் கேட்டால் அப்படிச் சொல்லாது. இறுகினாலும் கசிவு, இளகினாலும் கசிவு. செல்லுக்கு வேண்டியது ஒரு பக்குவம்.

அந்தப் பக்குவத்தைக் காப்பதில் பெரிய பங்கு, எல்லாரும் திட்டுகிற கொலஸ்டிராலுக்குத்தான். ரத்தத்தில் ‘கெட்ட கொலஸ்டிரால்’ என்கிற LDL-ஆகச் சுற்றுவதைப் பற்றி இப்போது பேசவில்லை. சவ்வுக்குள் இருக்கிற கொலஸ்டிரால், வால்களுக்கு நடுவே பலகை மாதிரி செருகி நிற்கும். சூடு ஏறும்போது வால்கள் ரொம்ப ஆடாமல் பிடித்துக்கொள்ளும். குளிரும்போது வால்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறைந்துவிடாமல் நடுவில் நின்று தடுக்கும். ஒரே ஆள் இரண்டு பக்கமும் வேலை பார்க்கிறார். பூஞ்சைகளில் அந்த இடத்தில் எர்கோஸ்டிரால் என்ற வேறொன்று இருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் படர்தாமரை மாத்திரைகள் பலவும் வேலை செய்கின்றன. ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் எல்லாம் எர்கோஸ்டிரால் உண்டாவதைத் தடுப்பவை. 2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தபோது ஊரெல்லாம் தேடி அலைந்த ஆம்போடெரிசின் ஊசி, எர்கோஸ்டிராலைப் பிடித்துக்கொண்டு பூஞ்சையின் சவ்வைக் கெடுப்பது. அதில் லிப்போசோமல் என்று ஒரு வகை சொன்னார்களே, அது மருந்தை ஒரு குட்டிக் கொழுப்புச் சவ்வு உருண்டைக்குள் வைத்துக் கொடுப்பது. சவ்வைத் தாக்கும் மருந்து, சவ்வு வண்டியிலேயே போகிறது.

உடம்பு இந்தப் பக்குவத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பதை விற்பனைக்காரர்கள் ஒருபோதும் சொல்ல மாட்டார்கள். 1974-ல் சினென்ஸ்கி என்பவர், குடல் பாக்டீரியாவை வேறு வேறு வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்தார். குளிரில் வளர்ந்தவை மடங்கிய வால்களைக் கூட்டிக்கொண்டன, சூட்டில் வளர்ந்தவை நேர் வால்களைக் கூட்டிக்கொண்டன. எந்த வெப்பநிலையில் வளர்ந்ததோ அந்த வெப்பநிலையில் அளந்தால் எல்லாவற்றின் நெகிழ்வும் ஏறக்குறைய ஒன்றுதான். கெண்டை மீனைக் குளிர்ந்த நீருக்கு மாற்றினாலும் இதே கதை. நேர் வாலில் மடக்குப் போடும் நொதியை அது சில நாட்களில் அதிகமாக்கிக்கொள்ளும். பனிப்பிரதேசத்துக் கலைமானுக்குக் காலின் மேல்பக்கக் கொழுப்பு சீக்கிரம் உறையும், குளம்புப் பக்கத்துக் கொழுப்பு உறையாது. பனியில் நிற்கிற கால் அது. (ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாகிறதே என்று கேட்பீர்கள். அது கொழுப்பு இல்லை, எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்கிய ஜெலட்டின்.)

மனிதர்களுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. நம் சவ்வில் அடிப்போஆர்2 என்ற புரதம் இருக்கிறது. சவ்வு இறுகுவதை அது உணர்ந்து, மடக்கு வால்களை அதிகம் சேர்க்கச் சொல்லி உத்தரவு கொடுக்கிறது. அதனால் இரண்டு நாள் நெய்ப் பொங்கல் சாப்பிட்டதும் சவ்வு கல்லாகிவிடாது. நான்கு நாள் மீன் சாப்பிட்டதும் தண்ணீராகிவிடவும் செய்யாது. சாப்பாட்டுக் கொழுப்பு சவ்வின் கலவையைக் கொஞ்சம் நகர்த்தும், உடம்பு அதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்.

அப்படியானால் இது கெட்டு நோய் வருவதே இல்லையா? வரும். அந்த ஏற்பாடு தோற்கும் இடங்களில் வரும்.

ரத்தச் சிவப்பணுவை எடுத்துக்கொள்வோம். 7, 8 மைக்ரான் அகலமுள்ள தட்டு. அதைவிடக் குறுகிய நுண்குழாய்களில் மடங்கிப் போக வேண்டும். மண்ணீரலில் 1 மைக்ரானை ஒட்டிய இடுக்குகள் வழியே பிதுங்கி வெளியே வர வேண்டும். 120 நாள் வாழ்க்கை பூராவும் இதே பாடு. அதற்கு நியூக்ளியஸ் கிடையாது, புதுக் கொழுப்பைத் தானே செய்துகொள்ளவும் முடியாது. ரத்தத்தில் என்ன சுற்றுகிறதோ அதோடு பண்டமாற்று செய்துகொள்ள மட்டும் தெரியும். கல்லீரல் முற்றிலும் சுருங்கிக் கெட்டுப்போனவர்களில் சிலருக்கு ரத்தத்தின் கொழுப்புக் கணக்கே மாறி, சிவப்பணுவின் சவ்வில் கொலஸ்டிரால் அளவுக்கு மீறி ஏறிவிடும். சவ்வு விறைத்து, மேல்பரப்பு விரிந்து, அணு முள்முள்ளாக ஆகும். ‘ஸ்பர் செல்’ என்பார்கள். மண்ணீரல் இடுக்கில் அது போக முடியாமல் சிக்கி உடைபடும், ரத்தச்சோகை வரும். கண்ணாடித் துண்டில் தடவிய ஒரு துளி ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலே தெரியும், நெருஞ்சி முள்ளைக் கொட்டி வைத்த மாதிரி. சவ்வின் பக்குவம் கெட்டதை நேரில் கண்ணால் பார்க்கிற இடம் இதுதான். இது கல்லீரல் நோயின் கடைசிக் கட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கோட்டுக்காரர் திரையில் காட்டிய முள்முள்ளான செல் படம் இதுவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்பாவின் நோய் அது இல்லை.

இன்னொன்று நம் வயக்காட்டில் நடப்பது. கண்ணாடிவிரியன், நல்ல பாம்பு, கட்டுவிரியன் மூன்றின் விஷத்திலும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி இருக்கிறது. அது பாஸ்போலிப்பிடின் இரண்டு வால்களில் ஒன்றை வெட்டிவிடுகிறது. மிஞ்சுவது ஒரு தலை, ஒரு வால். இரட்டை வால் மூலக்கூறு உருளை மாதிரி இருப்பதால் வரிசையில் ஒழுங்காக நிற்கும். ஒற்றை வாலாக ஆனது கூம்பு மாதிரி, வரிசையில் நிற்காது. சோப்பு மாதிரி வேலை செய்து பக்கத்தில் இருப்பதையும் கலைக்கும். சிவப்பணு உடையும், தசை நார் கெடும். கட்டுவிரியனில் இதே குடும்பத்து நச்சு நரம்பு முனைகளைப் பிடிக்கும். கடித்த இடத்தில் வலிகூடத் தெரியாமல், விடியும்போது கண் இமையைத் தூக்க முடியாமல் போகிறதற்கு அதுவும் ஒரு காரணம். வெட்டுப்பட்ட வாலை எந்தக் காப்ஸ்யூலும் ஒட்டவைக்காது. கட்டுப் போட்டு, கீறிவிட்டு, மந்திரிக்கப் போய் நேரம் கடத்தாமல், விஷமுறிவு ஊசி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே போக வேண்டும். அந்த ஊசி இந்த மூன்றுக்கும் சுருட்டைவிரியனுக்கும் சேர்த்துத்தான் தயாரிக்கப்படுகிறது.

சாராயமும் சவ்வைக் கலைப்பதுதான், பீட்ரூட் டம்ளரில் பார்த்தோமே. தினம் குடிக்கிறவர் உடம்பில் சவ்வு அந்தக் கலைப்பைத் தாங்குகிற மாதிரி தன் கலவையை மாற்றிக்கொள்கிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். குவார்ட்டரில் ஏறியது பிற்பாடு ஏறாமல் போவதற்கு மூளையின் வேறு பல மாற்றங்களோடு இதையும் சேர்த்துச் சொன்ன காலம் உண்டு.

கண்ணுக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தைப் பார்க்கும் கோல் செல்களுக்குள் சவ்வுத் தட்டுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும். அந்தத் தட்டுகளின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய பாதி டிஹெச்ஏ. 22 கரி அணு, 6 மடக்கு. நம் உடம்பிலேயே மிகவும் இளகிய சவ்வுகளில் ஒன்று. ஒளி பட்டவுடன் ரோடாப்சின் புரதம் அந்தச் சவ்வுக்குள்ளேயே உருவம் மாற வேண்டும், அடுத்த புரதத்தைத் தேடி ஓட வேண்டும். இறுக்கமான இடத்தில் அது முடியாது. இந்த டிஹெச்ஏவைத்தான் மீன் எண்ணெய் விற்கிறவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் விழித்திரையும் மூளையும் தங்கள் டிஹெச்ஏவை எளிதில் விட்டுக்கொடுக்காமல் இறுகப் பிடித்துவைத்துக்கொள்கின்றன என்பதும் தெரிந்த விஷயம். சர்க்கரைக்காரர்களுக்கு விழித்திரை கெடுவது டிஹெச்ஏ குறைந்து அல்ல. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டுத்தான். காப்ஸ்யூலுக்குக் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை எடுத்து வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த ஊர் இது. கண் பார்க்க வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது சர்க்கரை. ‘இன்சுலின் உள்ளே போக முடியல’ என்பதே தப்பு. வேலை செய்ய இன்சுலின் செல்லுக்குள் போக வேண்டியதில்லை. வாசலில் நின்று அழைப்புமணி அடிக்கிற ஆள் அது. சவ்வில் இருக்கும் ஏற்பிப் புரதத்தை வெளியிலிருந்தே தொடுகிறது. அந்தச் சத்தம் உள்ளே போய், குளுட்4 என்ற சர்க்கரைக் கதவுகளைச் சுமந்த குட்டிப் பைகள் சவ்வோடு வந்து ஒட்டுகின்றன. அந்தக் கதவு வழியே போவது சர்க்கரை. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் பெரும்பாலும் கெடுவது, மணி அடித்த பிறகு உள்ளே நடக்க வேண்டிய வேலைகள்தான். அதோடு, இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களும் வருடங்கள் போகப் போகத் தளர்ந்துவிடுகின்றன. 12 வருடம் ஆனவருக்கு அதுவும் முக்கியம்.

சவ்வுக்கும் சர்க்கரைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை நோயாளிகளின் சிவப்பணுக்கள் மடங்கும் திறன் குறைந்திருப்பதைப் பலர் அளந்திருக்கிறார்கள். 1993-ல் வந்த ஒரு ஆய்வில், தசைச் சவ்வில் நீளமான, மடக்கு அதிகமான வால்கள் இருந்தவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது. கோட்டுக்காரர் காட்டிய படத்துக்கு மூலம் இந்த மாதிரி ஆய்வுகள்தான். அப்புறம் நடந்ததை அவர் காட்டவில்லை. 162 ஆரோக்கியமானவர்களுக்கு மூன்று மாதம் சாப்பாட்டுக் கொழுப்பை மாற்றிப் பார்த்த ஆய்வு 2001-ல் வந்தது. நெய், வெண்ணெய் மாதிரி நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து ஒலியிக் வகையைக் கூட்டினால் இன்சுலின் வேலையில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. மேற்கொண்டு மீன் எண்ணெய் கொடுத்ததில் இன்சுலின் வேலை மாறவில்லை. 2018-ல் ‘அசெண்ட்’ ஆய்வின் முடிவு வந்தது. சர்க்கரை நோய் இருந்த 15,480 பேருக்கு, சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல், தினம் 1 கிராம் ஒமேகா-3 (மீன் எண்ணெய்) காப்ஸ்யூலோ அல்லது வேறு எண்ணெய்க் காப்ஸ்யூலோ கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த வாதம் மயக்க மருந்திலிருந்து வருவது. 1900-ஐ ஒட்டி மேயர், ஓவர்ட்டன் இருவரும், கொழுப்பில் நன்றாகக் கரையும் பொருள் நல்ல மயக்க மருந்தாகவும் இருக்கிறது என்று கண்டார்கள். அதனால் மயக்க மருந்து நரம்புச் சவ்வை நெகிழவைத்துத்தான் மயக்குகிறது என்று வெகுகாலம் நம்பினார்கள். அளந்து பார்த்தபோது, ஆபரேஷனுக்குக் கொடுக்கும் அளவில் மருந்து உண்டாக்கும் நெகிழ்வு, உடம்புச் சூடு ஒரு டிகிரி ஏறினால் வரும் நெகிழ்வு அளவுதான். காய்ச்சல் வந்தவர் யாரும் அதனால் மயங்கி ஆபரேஷனுக்குத் தயாராவதில்லையே! 1984-ல் ஃபிராங்க்ஸ், லீப் இருவரும் கொழுப்பே இல்லாத ஒரு புரதத்திலும் மயக்க மருந்துகள் போய் ஒட்டி வேலை செய்வதைக் காட்டினார்கள். இன்று எல்லாரும் தேடுவது அந்தப் புரதங்களை. அதே கேள்வியைக் கோட்டுக்காரரிடமும் கேட்கலாம். சவ்வு நெகிழ்ந்தால் சர்க்கரை இறங்கும் என்றால், 102 டிகிரி காய்ச்சல் அடிக்கும்போது இறங்க வேண்டும். அப்பாவிடம் கேளுங்கள், காய்ச்சல் வந்த வாரம் அவருடைய சுகர் என்ன காட்டியது என்று. பெரும்பாலும் ஏறியிருக்கும்.

எண்ணெய்க் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் ரத்தக்குழாயில் உறையாது. உடம்பு 37 டிகிரி, அந்த எண்ணெய்க்கு 24 போதும். போதாததற்கு, சாப்பிட்ட எண்ணெய் எண்ணெயாகவே ரத்தத்தில் ஓடுவதுமில்லை. குடலில் உடைந்து, வேறு வடிவத்தில் கட்டுமானம் ஆகித்தான் போகிறது. அதில் அதிகமாக இருக்கும் 12 கரி அணு லாரிக் அமிலம் சவ்வில் போய்ச் சேருவதும் கொஞ்சம்தான். அதைக் குறைத்துக்கொள்ளக் காரணம் வேறு, அது LDL-ஐ ஏற்றும். சட்னிக்குத் தேங்காய் போடுவதை நிறுத்த வேண்டியதில்லை. தினச் சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போதும், அதுவும் அளவாக.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. தாவர எண்ணெயை வனஸ்பதியாக்கும்போது சில மடக்குகள் நிமிர்ந்துவிடும். இரட்டைப் பிணைப்பு இருக்கும், ஆனால் வால் நேராகிவிடும். ஒலியிக் அமிலத்தின் இந்த நிமிர்ந்த உருவம் எலைடிக் அமிலம். உருகும் நிலை 13-லிருந்து 45-க்கு ஏறிவிடுகிறது. டிரான்ஸ் கொழுப்பு என்பது இதுதான். சவ்விலும் போய் உட்காரும், LDL-ஐ ஏற்றி, ‘நல்ல கொலஸ்டிரால்’ என்கிற HDL-ஐ இறக்கும். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் சட்டம். அதனால் கடையில் வாங்கும் பாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ராத்திரிப் புரோட்டாக் கல்லில் என்ன விழுகிறது என்பது மாஸ்டருக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்கு அங்கே சர்க்கரைக்காகவும் வேலையில்லை, மைதா அது.

மீன் பிடிக்கும் வீடு என்றால் வாரம் இரண்டு தடவை மத்தி வாங்கிக் குழம்பு வையுங்கள். கருவாடாக வேண்டாம், உப்பு. மீன் தொடாதவர்களுக்கு ஆளிவிதை பரவாயில்லை, ஆனால் அதில் இருப்பது டிஹெச்ஏவாக மாறுவது சொற்பம்.

காப்ஸ்யூல்காரர் திரும்பவும் வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள். ‘அப்பாவின் சவ்வு இறுகியிருக்கிறது என்று எந்தப் பரிசோதனையில் பார்த்தீர்கள், ஆறு மாதம் கழித்து நெகிழ்ந்ததை எதில் காட்டுவீர்கள்?’ சவ்வின் நெகிழ்வை அளக்க ஒளிரும் சாயம் போட்டு ஒளியின் திசைமாற்றத்தை அளக்கும் கருவிகள் உண்டு. அவை ஆராய்ச்சிக் கூடத்துச் சாமான்கள். ரத்தம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கும் லேபில் அப்படி ஒரு வரியே இருக்காது. அப்பாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் வரி ஹெச்பிஏ1சி. சிவப்பணுவுக்குள் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது அது. மூன்று மாதக் கணக்கை அது சொல்லிவிடும், சிவப்பணுவின் ஆயுள் 120 நாள் என்பதால். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாம் என்று கூட்டத்தில் யாராவது சொல்லியிருந்தால், அதை மட்டும் இன்றைக்கே அவரிடம் விசாரித்துவிடுங்கள் தம்பி.